வீட்டுப் பட்டறைக்கு மின்சாரம்: மெஷின் வாங்குமுன் லைனைப் பாருங்கள்

நோர்வூட்டை ஒட்டி ஓடும் கெசல்கமுவ ஓயாவின் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து அது நோர்ட்டன் பிரிட்ஜில் இருக்கும் விமலசுரேந்திர மின் நிலையத்தின் இயந்திரங்களைச் சுழற்றிவிட்டு, லக்ஸபானவை நோக்கிக் கீழே இறங்குகிறது. இந்த மலைகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதிச் சொன்னார். அன்றைய ஆட்சியாளர்கள் அதனைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பழைய லக்ஸபான மின் நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. காசல்ரீத் தண்ணீரில் ஓடும் 50 மெகாவோட் நிலையம் 1965இல் வந்தது. அதற்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். ஆனால், அதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை.

நாட்டுக்கே மின்சாரம் அனுப்பிய இந்தப் பள்ளத்தாக்கில், லயன் அறைகளுக்கு மின்சாரம் வந்ததோ மிகவும் பிந்தித்தான். வந்த பிறகும் ஒரு லயனுக்குள் பல குடும்பங்கள், ஒரே கூரை, பழைய வயர், அதிலிருந்து இழுத்த இன்னொரு வயர் என்றுதான் பல இடங்களில் காலம் ஓடியது. "மின்கசிவினால் லயன் குடியிருப்பு தீக்கிரை" என்ற செய்தி தமிழ்ப் பத்திரிகை வாசிப்பவர்களுக்குப் புதியதல்ல.

இப்போது நிலைமை மெல்ல மாறி வருகிறது. 2017 மே 12ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் உரையாற்றிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, மலையகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கிய வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் சில தோட்டங்களில் கைகூடியிருக்கிறது. பல தோட்டங்களில் இன்னும் காத்திருப்புத்தான். எங்கெல்லாம் தனி வீடு வந்ததோ, அங்கெல்லாம் வீட்டோடு ஒரு பட்டறையும் முளைக்கிறது. கேட், ஜன்னல் கிறில் செய்யும் வெல்டிங், முச்சக்கர வண்டி திருத்தும் கராஜ், தளபாட வேலை, மிளகாய், மா அரைக்கும் மில் என்று இளைஞர்கள் துணிந்து இறங்குகிறார்கள். கொழும்பில் கடையில் நின்ற பையன் ஊருக்குத் திரும்பி வந்து சொந்தமாக ஒரு தொழில் தொடங்குவது நல்ல செய்திதான்.

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துக் கடைகளுக்கு வயர், பிரேக்கர், சொக்கட் சாமான்கள் கொண்டுபோய்க் கொடுப்பது எனது தொழில். அதனால் இப்படியான பட்டறைகள் பலவற்றின் உள்ளே போய்ப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. நான் கண்ட ஒரு விடயத்தை எமது வியாபாரிகளோடும் சிறு கைத்தொழிலாளர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். மெஷினுக்கு மூன்று கடையில் விலை கேட்பவர், அந்த மெஷினுக்குக் கரண்ட் கொண்டுவரும் வயரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

"ஹை வோல்டேஜ்" என்ற பேச்சு

"நானா, ஹை வோல்டேஜ் சொக்கட் ஒன்று தாங்கோ" என்று கடையில் வந்து கேட்பார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டுச் சொக்கட்டில் 120 வோல்ட்தான் வரும். பெரிய மெஷின்களுக்கென்று அங்கே 240 வோல்ட் சொக்கட் தனியாகப் போடுவார்கள். இணையத்தில் வீடியோ பார்த்துப் பழகிய எமது இளைஞர்களும் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு விட்டார்கள்.

எமது நாட்டில் கேத்தல் செருகும் சொக்கட்டிலேயே 230 வோல்ட் இருக்கிறது. ஆகவே சிங்கிள் பேஸ் மெஷினுக்கு வோல்ட் போதாது என்ற பிரச்சினை இங்கே இல்லை. இங்கே பார்க்க வேண்டியது அம்பியர். தண்ணீர்க் குழாயை வைத்து யோசித்தால் இது இலகுவாக விளங்கும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது அம்பியர். எல்லா வீட்டுக்கும் தொட்டியின் உயரம் ஒன்றுதான். மெல்லிய குழாயில் அளவுக்கு மிஞ்சி ஓட விட்டால்தான் தொல்லை. வயரிலே அந்தத் தொல்லை சூடாக வெளிப்படும். சூடு முற்றினால் தீ.

மூன்று லைன் வரும் த்ரீ பேஸ் இணைப்பில் ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் இடையே 400 வோல்ட் இருக்கும். வீட்டுப் பட்டறையில் "ஹை வோல்டேஜ்" என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

மெஷின் எவ்வளவு இழுக்கும்?

சாதாரணமாக வீட்டுக்குக் கிடைப்பது 30 அம்பியர் சிங்கிள் பேஸ் இணைப்பு. 230ஐ 30ஆல் பெருக்கினால் 6,900 வோட். முழு வீட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

இப்போது பட்டறைக் கணக்கைப் பாருங்கள். கையில் தூக்கிச் செல்லும் இன்வேர்ட்டர் வெல்டிங் மெஷினை 100 அம்பியரில் வைத்து ஒட்டினால், அது சுவரிலிருந்து ஏறக்குறைய 17, 18 அம்பியர் இழுக்கும். 150 அம்பியரில் ஒட்டும் பழைய ட்ரான்ஸ்போமர் மெஷின் 30 அம்பியரையும் தாண்டிவிடும். 3 குதிரைவலு சிங்கிள் பேஸ் கொம்பிரசர் ஓடும்போது 15 அம்பியர் அளவில் எடுக்கும். ஆனால், ஸ்டார்ட் ஆகும் அந்தச் சில விநாடிகளில் அதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். கொம்பிரசர் போட்டதும் பக்கத்து வீட்டு பல்ப் மங்குவது அதனால்தான்.

வெல்டிங்குக்கு 18, கொம்பிரசருக்கு 15, உள்ளே உம்மா கேத்தல் போட்டால் 9, தங்கை அயன் போட்டால் 4. கூட்டிப் பாருங்கள், 46 வருகிறது. இணைப்போ 30தான். மெயின் பிரேக்கர் விழுந்தால் அது நல்ல காலம். பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்று அதைக் கழற்றிவிட்டுப் பெரிய பிரேக்கர் ஒன்றைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இனி விழுவதற்கு எதுவும் இல்லை. உருகப் போவது சுவருக்குள்ளே இருக்கும் வயர்தான்.

இதை வாசிக்கும் எவரும் இனி ஒரு மெஷின் வாங்கும்போது, அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து இரண்டு விடயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எத்தனை பேஸ். மற்றது, உள்ளே எடுக்கும் அம்பியர் எவ்வளவு. வெல்டிங் மெஷினில் பெரிதாக எழுதியிருக்கும் 200, 250 என்ற எண் கூரில் போகும் அம்பியர். சுவரிலிருந்து எடுப்பது அதன் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். விற்பவர் அதைச் சொல்ல மாட்டார். நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

வயரின் தடிப்பும் தூரமும்

எமது ஹாட்வெயார்க் கடைகளில் வயருக்கு ஒரு பாஷை உண்டு. 1/1.13 என்றால் லைட்டுக்கு. 7/0.67 என்றால் சாதாரண பிளக்குக்கு; அதன் தடிப்பு 2.5 சதுர மில்லிமீட்டர். 7/0.85 என்றால் 4. 7/1.04 என்றால் 6. முன்னால் உள்ள எண் இழைகளின் எண்ணிக்கை. பின்னால் உள்ளது ஓர் இழையின் விட்டம், மில்லிமீட்டரில். இந்தக் கணக்கை விளங்கிக்கொண்டால் எந்தக் கடையிலும் உங்களை ஏமாற்ற முடியாது.

7/0.67 வயரில் 20 அம்பியருக்குள் ஓடலாம் என்பது பொதுவான அளவு. குழாய்க்குள்ளே பல வயர்கள் நெருக்கமாகப் போனால் அதுவும் குறையும். 30 அம்பியர் வரை எடுக்கும் வெல்டிங் மெஷினுக்கு 7/1.04 தேவை. பிரேக்கர் எப்போதும் வயரைக் காப்பாற்றும் அளவில் இருக்க வேண்டும். மெஷினின் ஆசைக்கு ஏற்ற அளவில் அல்ல. மோட்டாரும் வெல்டிங்கும் ஸ்டார்ட்டில் பாய்ந்து இழுப்பதால் சாதாரண பி வகைப் பிரேக்கர் காரணமில்லாமல் விழும். சி வகை கேளுங்கள். அம்பியர் அதேதான், நொடிப்பொழுதுப் பாய்ச்சலைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளும்.

மலைநாட்டில் இன்னொரு விடயம் சேர்கிறது. எமது வீடுகள் படிப்படியாக வெட்டிய நிலத்தில் இருக்கின்றன. மீட்டர் மேல் தட்டில் இருக்கும். பட்டறை வண்டி வந்து திரும்பக்கூடிய கீழ்த் தட்டில் இருக்கும். இடையே 30 மீட்டர் வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 7/0.67 வயரில் 20 அம்பியர் போனால், அந்த 30 மீட்டரில் 10.8 வோல்ட் தொலைந்துபோகும். 7/1.04 போட்டால் 4.4 வோல்ட்தான் போகும்.

10 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். 10.8 வோல்ட்டை 20 அம்பியரால் பெருக்கினால் 216 வோட். அவ்வளவும் வயரைச் சூடாக்குவதற்கே செலவாகிறது. நாளுக்கு 5 மணித்தியாலம், மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 27 யூனிட். தடித்த வயரில் அது 11 யூனிட். மாதம் 16 யூனிட்டை ஒவ்வொரு மாதமும் சும்மா கொடுத்துக்கொண்டே இருப்பதா, ஒரு தடவை நல்ல வயர் வாங்குவதா? வியாபாரிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வோல்ட் குறைந்தால் மோட்டாரும் கூடுதலாகச் சூடேறி, சுற்று எரியும். அந்த ரீவைண்டிங் செலவை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சொக்கட்?

வட்ட முனையுள்ள 15 அம்பியர் பிளக் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. நாடு இப்போது சதுர முனையுள்ள 13 அம்பியர் வகையையே தேசியத் தரமாக ஏற்றிருக்கிறது. 13 அம்பியர் பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் இருக்கிறது. வட்ட முனைப் பிளக்கில் அது இல்லை.

ஆனால், இரண்டுமே பட்டறை மெஷினுக்கு ஏற்றவை அல்ல. 13 அம்பியர் என்பது உச்ச அளவு. நாள் முழுக்க அந்த அளவில் ஓடுவதற்கு அது செய்யப்படவில்லை. நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கிறில் வேலை செய்யும் ஒரு சகோதரரின் பட்டறையில் நான் பார்த்தேன். வெல்டிங் மெஷினின் பிளக் முகம் தேயிலைச் சாயம்போல் பழுப்பாகி, சொக்கட்டின் துவாரம் உருகி விரிந்திருந்தது. "பியூஸ் அடிக்கடி போகுது, அதனால கம்பி சுத்தி வெச்சிருக்கேன்" என்றார். பக்கத்திலே தின்னர்ப் போத்தல். மேலே பலகைச் சீலிங். அடுத்த அறையில் தொட்டிலில் குழந்தை. அன்று மாலையே அந்தப் பிளக்கைக் கழற்ற வைத்துவிட்டுத்தான் நான் வண்டி ஏறினேன்.

இப்படியான வேலைக்கென்றே இண்டஸ்ட்ரியல் சொக்கட் இருக்கிறது. நீல நிறத்தில் மூன்று முனையோடு வருவது 230 வோல்ட்டுக்கு. 16 அம்பியர், 32 அம்பியர் என இரண்டு அளவில் கிடைக்கும். சிவப்பு நிறத்தில் ஐந்து முனையோடு வருவது 400 வோல்ட் த்ரீ பேஸுக்கு. அளவு மாறினால் ஒன்றுக்குள் மற்றது நுழையாது. மூடி இருப்பதால் தூசும் சாரலும் உள்ளே போகாது. ஒவ்வொரு பெரிய மெஷினுக்கும் போர்டிலிருந்து தனி லைன், தனிப் பிரேக்கர், தனிச் சொக்கட் என்பதுதான் விதி. ஒரு சொக்கட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகும் வயர் பட்டறைக்கு ஆகாது. எக்ஸ்டென்ஷன் கோடைச் சுருட்டி வைத்தபடியே வெல்டிங் அடிப்பதும் கூடாது. சுருட்டிய கோட் தன் சூட்டிலேயே உருகும்.

ஏர்த்தும் ட்ரிப் சுவிட்சும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

கம்பத்திலிருந்து எமது வீட்டுக்கு இரண்டு கம்பிதான் வருகிறது. ஒன்று லைன், மற்றது நியூட்றல். ஏர்த் கம்பி அங்கிருந்து வருவதில்லை. எமது வீட்டு நிலத்தில் நாமே கம்பி அடித்து உண்டாக்குவதுதான் ஏர்த். அது எவ்வளவு நன்றாக மண்ணோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். நோர்வூட் மண் ஈரமானதுதான். ஆனால், பல இடங்களில் இரண்டு அடி தோண்டினால் கல். தை, மாசி வரட்சியில் மேல் மண் காய்ந்துவிடும். அப்போது ஏர்த்தின் தடை ஏறும்.

ஒரு கணக்கு. ஏர்த்தின் தடை 20 ஓம் என்று வையுங்கள். மெஷினுக்குள் லைன் வயர் கழன்று இரும்பு உடம்பில் முட்டுகிறது. 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 அம்பியர். அந்த அளவுதான் மண்ணுக்குள் போகும். 32 அம்பியர் பிரேக்கருக்கு 11.5 ஒரு பொருட்டே அல்ல, அது விழாது. மெஷினின் உடம்போ 230 வோல்ட்டோடு அமைதியாக நின்றுகொண்டிருக்கும், யாராவது தொடும்வரை. "ஏர்த் இருக்கு, பிரேக்கர் இருக்கு, பயமில்லை" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இங்கே உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தாலே நொடியின் ஒரு பகுதிக்குள் அறுத்துவிடும். 10 மில்லி அம்பியர் தாண்டினாலே கை பிடித்ததை விட முடியாமல் இறுகிக்கொள்ளக் கூடும். அதற்கு மேல் ஏற ஏற மூச்சும் இதயமும் பாதிக்கப்படும். அதனால்தான் 30 என்ற அந்த அளவு. ட்ரிப் சுவிட்சில் "டெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அதைச் சுவரில் வைத்திருப்பதில் பயன் இல்லை, அன்றே மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சை விட்டுவிட்டு நேராகக் கொடுத்திருப்பதை நான் பல இடங்களில் காண்கிறேன். அது விழுவது எங்கோ கசிகிறது என்பதற்கான செய்தி. செய்தி கொண்டுவந்தவனை வீட்டை விட்டுத் துரத்தினால் கசிவு நிற்குமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்ட பிறகு, தண்ணீர் ஏறிய போர்டுகளைத் துடைத்துவிட்டு மீண்டும் சுவிட்ச் போட்டவர்களும் உண்டு. நனைந்த பிரேக்கரையும் ட்ரிப் சுவிட்சையும் காயவைத்துப் பாவிக்கக் கூடாது. அவை போனது போனதுதான்.

த்ரீ பேஸ் எடுப்பதா?

தொழில் கொஞ்சம் வளர்ந்ததும் இந்தக் கேள்வி வரும். அதே 3 குதிரைவலு கொம்பிரசர் த்ரீ பேஸில் ஒரு லைனுக்கு 5 அம்பியர் அளவில்தான் எடுக்கும். மோட்டார் விலை குறைவு, பழுதும் குறைவு. கெப்பாசிட்டர் மாற்றும் தொல்லை இல்லை. 30 அம்பியர் த்ரீ பேஸ் இணைப்பில் ஏறக்குறைய 20 கே.வி.ஏ. கிடைக்கும். 60 அம்பியர் என்றால் 41க்கு மேல். 42 கே.வி.ஏ.வுக்கு மேல் போனால்தான் மொத்த விநியோகம் என்ற வேறு வகைக்குள் போக வேண்டும். ஆகவே ஒரு நடுத்தரப் பட்டறைக்கு 30 அம்பியர் த்ரீ பேஸ் தாராளம்.

கம்பத்தில் நான்கு கம்பி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். தோட்டப் பக்கங்களில் சில இடங்களுக்கு இரண்டு கம்பிதான் போகிறது. அங்கே த்ரீ பேஸ் கேட்டால் லைன் நீட்டும் செலவும் சேரும். மெஷினுக்கு முற்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை. முதலில் மதிப்பீடு எடுங்கள். காணிப் பிரச்சினையும் உண்டு. தோட்டக் காணிகள் அரசுடையவை. 1992 முதல் அவற்றைக் கம்பனிகள் நிர்வகிக்கின்றன. ஆகவே இணைப்புக் கேட்கப் போனால், காணியில் உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழும். பத்திரமோ, நிர்வாகத்தின் சம்மதக் கடிதமோ கையில் இல்லாமல் லட்சக்கணக்கில் மெஷின் இறக்குவது புத்திசாலித்தனமல்ல.

த்ரீ பேஸில் கவனிக்க வேண்டிய ஆபத்தான விடயம் ஒன்று இருக்கிறது. பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைன், கறுப்பு நியூட்றல். புதிய நிற முறையில் கபிலம், கறுப்பு, சாம்பல் மூன்றும் லைன், நீலம் நியூட்றல். அதாவது அன்றைய நியூட்றல் நிறம் இன்று லைன். அன்றைய லைன் நிறம் இன்று நியூட்றல். பழைய போர்டில் புதிய கேபிளைச் சேர்க்கும்போது நிறத்தை நம்பிப் பூட்டினால், 230 வோல்ட் போக வேண்டிய இடத்துக்கு 400 போய்ச் சேரும். வீட்டிலுள்ள பிரிஜ், டீவி எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். நிறத்தை நம்பாமல் மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும்.

பில்லும் காப்புறுதியும்

வீட்டு மீட்டரில் பட்டறை ஓட்டினால் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்தது. முதல் 30, 60 யூனிட் மலிவுதான். 180 யூனிட்டைத் தாண்டினால் ஒவ்வொரு யூனிட்டும் மிகக் கூடிய விலை. கைத்தொழில் என்று பதிந்த இணைப்புக்கு அப்படியான செங்குத்தான ஏற்றம் இல்லை. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது பலர் இந்த வித்தியாசத்தைப் பில்லில் கண்டுகொண்டார்கள். அதற்குப் பிறகும் கட்டணம் ஏறி இறங்கியிருக்கிறது. ஆகவே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கடைசியாக அங்கீகரித்த பட்டியலை எடுத்து, உங்கள் யூனிட் எண்ணிக்கையை இரண்டு வகையிலும் போட்டுப் பாருங்கள். கடைக்குப் பொதுத் தேவை வகை, பொருள் செய்யும் பட்டறைக்குக் கைத்தொழில் வகை என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டு இணைப்பில் தொழில் செய்வது விதிக்கும் மாறு. பிடிபட்டால் பழைய வித்தியாசத்தையும் சேர்த்துக் கட்ட நேரலாம். அதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் காத்திருக்கிறது. காப்புறுதிப் பத்திரத்தில் "வசிப்பிடம்" என்று எழுதியிருக்க, தீ பட்டறையிலிருந்து தொடங்கியிருந்தால், கம்பனி கோரிக்கையை நிராகரிக்க இடமுண்டு. லீசிங்கில் எடுத்த மெஷினும் போய், வாடிக்கையாளரின் பொருளும் போய், தவணை மட்டும் மிஞ்சும்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் கீழ் மின்சார சபையின் பணிகளைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. அலுவலகத்தின் பெயர்ப்பலகை எதுவாக இருந்தாலும், உங்கள் இணைப்பு எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பில்லில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கரண்ட் போனால், வந்தால்

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் ஒரேயடியாக இருளில் மூழ்கியது. இப்படி நிற்கும்போது, ஓடிக்கொண்டிருந்த வட்ட வாளும் நின்றுவிடும். பாஸ் பலகையை எடுத்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். கரண்ட் திரும்பி வந்ததும் வாள் தானாகச் சுழலத் தொடங்கினால், அந்த நேரம் யாருடைய கை அங்கே இருக்கும்? ஸ்டார்ட்டர் வைத்துப் பூட்டிய மோட்டார் கரண்ட் வந்தாலும், பச்சைப் பொத்தானை அழுத்தும்வரை ஓடாது. அதிக சுமை வந்தாலும் அறுத்துவிடும். வாள், சீவுளி, மில் மூன்றுக்கும் ஸ்டார்ட்டர் கட்டாயம்.

ஜெனரேட்டர் வைத்திருப்போர் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் பிளக் வழியாக வீட்டுக்குள் கரண்ட் கொடுக்கவே கூடாது. அது மீட்டர் வழியாகத் திரும்பிக் கம்பத்துக்குப் போகும். அங்குள்ள ட்ரான்ஸ்போமர் அந்த 230ஐ ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். லைன் செத்துவிட்டது என்று நம்பி மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரின் உயிர் அதனால் போகலாம். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

யாரிடம் வேலை கொடுப்பது?

பெக்டரியில் வேலை செய்த அனுபவமுள்ள நல்ல வயரிங் பாஸ்மார் எமது பக்கத்தில் இருக்கிறார்கள். அனுபவத்தோடு என்.வீ.கியூ. சான்றிதழும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வேலை முடிந்ததும் கூலி கொடுக்குமுன் நான்கு விடயத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். மெகர் வைத்து வயரின் காப்பு. அது 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. ஏர்த்தின் தடை எத்தனை ஓம். ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி அம்பியரில் விழுகிறது. ஒவ்வொரு சொக்கட்டிலும் லைன், நியூட்றல் இடம் மாறாமல் இருக்கிறதா. இந்த நான்கையும் அளக்கக் கருவி இல்லாதவர் எவ்வளவு மலிவாகக் கேட்டாலும் அவர் பட்டறை வயரிங்குக்கு ஏற்றவரல்ல.

செலவைக் குறைக்க வேண்டுமானால் அலங்காரத்தில் குறையுங்கள். சுவரை வெட்டி வயரைப் புதைக்காமல் குழாயில் வெளியே கொண்டுபோகலாம். பின்னர் மாற்றுவதும் இலகு. பெயின்ட் பிந்தலாம், பெயர்ப்பலகை பிந்தலாம். வயர், பிரேக்கர், ட்ரிப் சுவிட்ச், ஏர்த் நான்கிலும் மட்டும் கை வைக்க வேண்டாம். எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள வயரையே வாங்குங்கள். மலிவு வயரின் ஒரு முனையைச் சீவிப் பார்த்தால் இழைகள் மெலிந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

இந்த வரிசையில் போங்கள்: முதலில் மெஷின் பட்டியலையும் அம்பியரையும் எழுதுங்கள். அதைக் கொண்டு இணைப்பு போதுமா என்று பாருங்கள். பிறகு வயரிங் மதிப்பீடு எடுங்கள். மூன்றையும் மெஷின் விலையோடு கூட்டி வருவதுதான் தொழில் தொடங்கும் உண்மையான முதல். அந்தத் தொகைக்கு வசதியில்லை என்றால் மெஷினைச் சிறிதாக்குங்கள். 200 அம்பியர் மெஷினுக்குப் பதிலாக 70, 80 அம்பியரில் செய்யக்கூடிய மெல்லிய இரும்பு வேலையோடு ஆரம்பியுங்கள். அதில் வரும் இலாபத்தில் லைனைப் பெரிதாக்கி, அதற்குப் பிறகு பெரிய மெஷின் எடுக்கலாம்.

லயனுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கூரையில் விழும் தீப்பொறி உங்கள் கூரையோடு நிற்காது. அடுத்த அறையில் தூங்குபவருக்கு உங்கள் தொழிலில் பங்கில்லை. ஆனால், ஆபத்தில் மட்டும் சரிபாதி இருக்கிறது. அடுத்த கிழமை பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது விழுந்தால் வேலையைத் தொடங்குங்கள்.